ஆறு வரிப் பேச்சை ஒரு பந்தியாக்காதீர்கள்

கொழும்பில் இருந்து வெளிவரும் தமிழ் வாரமலர்கள், சஞ்சிகைகளின் கதைப் பக்கங்களைப் பார்க்கும் ஆசிரியர்களுக்கும், சிறுகதைப் போட்டி நடத்தும் சங்கங்களுக்கும், அந்தப் போட்டிகளின் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் ஓர் ஒப்புநோக்குநர். சிறுகதைத் தொகுதி, நினைவு மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எது வந்தாலும் அதே சிவப்புப் பேனையால் திருத்திச் சீவிக்கிற ஆள். தொகுதி போட வருகிறவர்களில் அநேகர் முதலில் உங்கள் பக்கங்களில் எழுதியவர்கள். ஆகவே அவர்களுடைய மூலப் பிரதியும் உங்கள் பத்திரிகையில் வந்த நறுக்கும் சோடியாகவே என் மேசைக்கு வரும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வர்ணனைகளுக்குப் பெரிதாக ஒன்றும் நடந்திராது. உரையாடல்தான் அடிவாங்கி இருக்கும்.

யாருடைய கதையையும் இழுக்காமல் நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றில் தாயும் மகனும்:

“எங்கை போட்டு வாறாய்?”

“மார்க்கெட்டுக்கு.”

“மீன் வாங்கேல்லையோ?”

“வாங்கினனான்.”

“எங்கை?”

“நூறாம் நம்பர் பஸ்ஸிலை போகுது.”

இதே ஆறு வரி அச்சில் இப்படி வரும்: “எங்கை போட்டு வாறாய்?” “மார்க்கெட்டுக்கு.” “மீன் வாங்கேல்லையோ?” “வாங்கினனான்.” “எங்கை?” “நூறாம் நம்பர் பஸ்ஸிலை போகுது.” ஒரே பந்தி. நடுவில் ஒரு மேற்கோள் குறி தவறினால் கேட்டவர் யார், சொன்னவர் யார் என்று விரல் விட்டு எண்ண வேண்டும். குறி எல்லாம் சரியாக இருந்தாலும் பகிடி செத்துவிடும். அந்த “எங்கை?”க்குப் பிறகு வாசகர் கண் அடுத்த வரிக்கு இறங்கும் ஒரு கணத்தில்தான் மகன் தலையைச் சொறிகிறான். அந்தக் கணத்தை எழுதியவர் வெற்றிடமாக விட்டிருந்தார். உங்கள் பக்க வடிவமைப்பாளர் அதை மிச்சம் பிடித்துவிட்டார்.

காரணம் எனக்கும் தெரியும். ஒரு சொல்லோடு முடிகிற வரி, கொலத்தின் (பக்கத்தின் நெடுக்குப் பிரிவின்) மீதி அகலத்தை வெறுமையாய் விடுகிறது. அப்படி இருபது வரி வந்தால் கதை அடுத்த பக்கத்துக்குத் தாவும். அடுத்த பக்கத்தில் விளம்பரம் காத்திருக்கும். இந்த நெருக்கடி புரிகிறது. ஆனால் அதே பக்கத்தின் மேல் பாதியில் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்ணின் வர்ணப்படம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓர் அங்குலத்தைக் குறைத்தால் தாய்க்கும் மகனுக்கும் இடம் கிடைக்கும்.

சென்ற ஆண்டு ஒரு நூல் வெளியீட்டில், போட்டி நடுவராக இருக்கும் ஒருவர், இந்தக் குறிகள் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தவை, தமிழுக்கு அவை தேவையில்லை என்று பேசினார். கைதட்டலும் கிடைத்தது. அவர் சொன்னதில் பாதி சரி. ஓலையில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. மேற்கோள் குறிக்கு எங்கே போவது? நிறுத்தக்குறிகள் ஐரோப்பியரோடும் அச்சோடும் வந்தவைதான். அவற்றைத் தமிழ் வசனத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று எண்ணினால் முதலில் நினைவுக்கு வருகிறவரே நம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). சைவத்தைக் காக்க மிஷனரிமாரோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர்களுடைய காற்புள்ளியை வேண்டாம் என்று தள்ளவில்லை.

குறி இல்லாத காலத்திலும் தமிழில் உரையாடல் இருந்தது. சங்கப் பாட்டுகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் பேசுவதுதான்; பேசுகிறவர் தலைவியா தோழியா என்பதைப் பாட்டின் கீழே ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியன் ‘யாரையோ நீ மடக்கொடியோய்’ என்கிறான். அடுத்து ஒரு ‘என’. உடனே கண்ணகி ‘தேரா மன்னா’ என்று தொடங்கிவிடுகிறாள். இன்றைய பதிப்பில் காணும் மேற்கோள் குறிகள் பதிப்பாசிரியர்கள் போட்டவை. அவற்றை எடுத்துவிட்டாலும் யார் பேசுகிறார் என்பதில் குழப்பம் வராது. ஒருத்தியை மடக்கொடியோய் என்று விளித்ததும், அரசனை மன்னா என்று விளித்ததும், நடுவில் கிடந்த ஒரு ‘என’வும் அந்த வேலையைச் செய்துவிட்டன. இந்தச் சொல்லுக்குத் தொல்காப்பியர் இடையியலில் தனி நூற்பா வைத்து, ‘என்று’ என்பதும் அதைப் போன்றதே என்று அடுத்த நூற்பாவில் சொல்லிவிட்டுப் போகிறார்.

பேச்சை மூடிக் காட்டும் பூட்டு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் ஆங்கிலத்தின் சட்டம் முழுவதையும் நாம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பூட்டு இல்லாத இடங்களில், அதாவது ‘என்றான்’ இல்லாமல் வரிக்கு வரி பேச்சு மாறும் இடங்களில், குறியும் புதுப் பந்தியும் இல்லாவிட்டால் வாசகர் தொலைந்துபோவார். நான் கேட்பது இவ்வளவுதான்: தமிழ் தானே செய்கிற வேலையைக் குறிக்குக் கொடுக்காதீர்கள், குறி மட்டுமே செய்யக்கூடிய வேலையை இடம் இல்லை என்று பறிக்காதீர்கள்.

முதலாவதுக்கு உதாரணம் காற்புள்ளி. “நான் வாறன்,” என்றான் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். ஆங்கிலக் கதை வாசித்த பழக்கம். அந்த மொழியில் பேச்சும் ‘அவன் சொன்னான்’ என்பதும் இரண்டு துண்டு, ஒட்டுவதற்குக் காற்புள்ளி வேண்டும். அங்கேயும் ஒரே சட்டம் கிடையாது. அமெரிக்க அச்சில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் எப்போதும் மேற்கோளுக்கு உள்ளே; பிரித்தானியர் பொருளைப் பார்த்து உள்ளே வெளியே என்று மாற்றுவார்கள். இரட்டைக் குறி முதலா ஒற்றைக் குறி முதலா என்பதிலும் இரு பகுதியாரும் எதிரெதிர். பிரெஞ்சுக் கதைகளில் பெரும்பாலும் பேச்சு ஒரு நீட்டுக் கோட்டோடு தொடங்கும், அதற்கு மூடும் குறி இராது. ஆளுக்கொரு வழக்கம் இருக்கும்போது நாம் மட்டும் ஏன் ஒருவருடையதை வேதமாக எடுக்க வேண்டும்? “நான் வாறன்” என்றான். போதும். ‘என்று’ ஒட்டிக்கொள்ளும்.

முற்றுப்புள்ளி இதைவிட மோசம். “நான் வாறன்.” என்றான். அந்தப் புள்ளியில் வாக்கியம் முடிந்துவிட்டது. பின்னால் வருகிற ‘என்றான்’ பஸ் போன பிறகு ஹோல்ட்டில் நிற்கிறவன் மாதிரி. பேச்சு தனி வரியாக நின்றால் புள்ளி வையுங்கள், பின்னால் ‘என்று’ வந்தால் எடுத்துவிடுங்கள். வினாக்குறியையும் உணர்ச்சிக்குறியையும் எடுக்க வேண்டாம், அவை குரலின் பகுதி. “வருவியா?” என்றான். அயற்கூற்றாக்கினால் வினாக்குறிக்கு வேலை இல்லை: வருவாயா என்று கேட்டான். கேட்டது பாத்திரம், கதை சொல்கிறவர் இல்லை.

போட்டிக் கதைகளில் நான் அதிகம் சுழிப்பது இன்னொன்றை. “தான் நாளைக்கு வருவேன்” என்று அவன் சொன்னான். எந்த மனிதன் தன்னைப் பற்றிப் பேசும்போது ‘தான் வருவேன்’ என்பான்? மேற்கோள் குறி போட்டால் உள்ளே இருப்பது அவன் வாயில் இருந்து வந்த சொல்லாகவே இருக்க வேண்டும்: “நான் நாளைக்கு வருவன்”. ‘தான்’ வேண்டுமென்றால் குறியை எடுத்துவிட்டு, தான் நாளைக்கு வருவேன் என்று சொன்னான் என்று எழுதலாம். தமிழ் அதற்கு இடம் தருகிறது. பாதி நேர்கூற்று, பாதி அயற்கூற்று என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இந்த வசதி ஆங்கிலத்தில் இவ்வளவு தாராளமாக இல்லை. நல்ல கதைகாரர் இதை வைத்துப் பெரிய வித்தை காட்டலாம். உங்கள் உதவி ஆசிரியர் ‘என்று’ கண்ட இடமெல்லாம் குறி போட்டால் அந்த வித்தை போய்விடும். தயவுசெய்து ‘என்று நினைத்தாள்’ என்பதற்கும் குறி போடாதீர்கள். மனதுக்குள் ஓடுவதற்கு ஒற்றைக் குறி, நக்கலுக்கு ஒற்றைக் குறி, பேச்சுக்குள் வரும் பேச்சுக்கும் ஒற்றைக் குறி என்றால் அந்தச் சின்னக் குறி எத்தனை வேலைதான் பார்க்கும்?

‘என்றார்’ பற்றியும் சொல்ல வேண்டும். என்றான், என்றாள் என்பவை ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். ஐயாவும் மாமியும் கதைக்கும் இடத்தில் இருவருக்கும் மரியாதை கொடுத்து ‘என்றார்’ என்று எழுதினால் யார் எவர் என்று தெரியாது. எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு வழி இருக்கிறது: மாமி சொன்னா, அம்மா என்றா. அதைக் கதை சொல்லும் நடையிலும் துணிந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிழை என்று ‘என்றாள்’ ஆக்கும்போது ஒரு தாயின் மரியாதை போய்விடுகிறது. ‘என்றார்’ ஆக்கினால் தாயே காணாமல் போய்விடுகிறார். எழுதினபடி விடுங்கள். அல்லது வினையையே தவிர்த்து, மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா என்று ஒரு வரி போட்டு, அதே பந்தியில் பேச்சைத் தொடங்க எழுத்தாளரிடம் கேளுங்கள். அசைவும் பேச்சும் ஒரே பந்தியில் இருந்தால் இரண்டும் ஒருவருடையது என்று வாசகருக்குப் புரியும். இந்தச் சிறு உதவிக்காகத்தான் ஆள் மாறும்போது பந்தியும் மாற வேண்டும் என்கிறேன்.

(நடுவர்களுக்கு ஒரு வார்த்தை: வினவினான், பகர்ந்தாள், இயம்பினான் என்று மாற்றி மாற்றி எழுதுகிறவருக்குச் சொல்வளம் என்று புள்ளி கொடுக்காதீர்கள். பிள்ளைகள் உங்கள் பரிசுக் கதையைப் பார்த்து எழுதிப் பழகுகிறார்கள்.)

கொழும்புக் கதைகளுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வேறு எந்த ஊரிலும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காதது. இந்த நகரத்தில் ஆள் வாயைத் திறந்தால் ஊர் தெரியும். வெள்ளவத்தையில் கேட்பது ஒரு தமிழ், கொட்டாஞ்சேனையில் இன்னொன்று, மருதானையில் வேறொன்று. பாத்திரத்தின் பேரே எழுதாமல் இரண்டு வரி:

“என்னெண்டு போறது? பஸ் இல்லையே.”

“நம்ம த்ரீவீல் இருக்குங்க, ஏறுங்க.”

முதலாவது ஆள் வடக்கில் இருந்து வந்தவர். இரண்டாவது ஆளின் வேர் மலையகத்தில். ‘என்றார்’ தேவையா? இதை உங்கள் மேசை எப்படித் திருத்தும் என்றும் நான் பார்த்திருக்கிறேன்: “எப்படிச் செல்வது? பேருந்து இல்லையே.” “நமது முச்சக்கரவண்டி இருக்கிறது, ஏறுங்கள்.” இப்போது பேசுவது இரண்டு வானொலி அறிவிப்பாளர்கள். யார் யார் என்று காட்ட ஒவ்வொரு வரிக்கும் பேர் போட வேண்டி வருகிறது. அதற்கும் இடம் போகிறது. கதையில் பேச்சுத் தமிழ் வரலாமா என்று இந்த நாட்டில் அறுபதுகளிலேயே மரபுப் போராட்டம் என்ற பெயரில் பெரும் சண்டை நடந்தது. இழிசனர் வழக்கு என்று ஏசியவர்கள் தோற்று, பேச்சுமொழி கதைக்குள் நிலைத்துவிட்டது. இன்றைக்கு அதே வழக்கை யாரும் வாதத்துக்கு வராமல், மேசையில் அமைதியாகத் திருத்தி வெல்கிறார்கள்.

திருத்தாமல் விடுகிறவர்கள் சிலர் வேறு வழியில் கெடுக்கிறார்கள். பேச்சுவழக்கு, ஆங்கிலம், சிங்களம் என்று எது வந்தாலும் அதற்கு ஒற்றைக் குறி: “நான் ‘ஒபிஸ்’ முடிஞ்சு ‘லேட்’டாத்தான் வருவன் ‘மச்சான்’.” இப்படிப் பேசுகிறவன் சொல்லுக்குச் சொல் தொண்டையைச் செருமுகிறவனாகத்தான் இருக்க முடியும். தமிழ் எழுத்தைச் சரித்துப் போடுவதும் உதவாது. நம் எழுத்துருக்களில் அநேகமானவற்றுக்கு முறையான சாய்வெழுத்து கிடையாது, கணினி இழுத்துச் சரித்ததுதான் வரும். ஒபிஸ், லேட், மச்சான் எல்லாம் அவன் தமிழ். சும்மா விடுங்கள்.

சிங்களப் பேச்சுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதும் வழக்கமும் அப்படித்தான். “இஸ்ஸரஹட்ட யன்ன! (முன்னால் போங்கள்!)” என்று கொண்டக்டர் கத்துகிறார். அடைப்புக்குறிக்குள் இருப்பது யாருடைய குரல்? இதற்கு நல்ல வழி அடுத்த வரியில் இருக்கிறது:

“கோ, ஐடென்டிட்டி எக்க?”

அவன் சேர்ட் பொக்கெற்றுக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத வாசகருக்கும் விளங்கிவிட்டது. விளங்காத பாத்திரமாக இருந்தால் வாசகருக்கும் விளங்காமல் விடுவதுதான் கதைக்கு நியாயம்.

நீளமான பேச்சைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவரே மூன்று பந்திக்குப் பேசினால் ஒவ்வொரு பந்தித் தொடக்கத்திலும் திறக்கும் குறி வரும், மூடும் குறி கடைசியில் மட்டும். இதைப் பிழை என்று நினைத்து மூன்றையும் மூடிவிடுகிறார்கள். எண்பத்துமூன்று யூலையில் தப்பி, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதைப் பேரனுக்குச் சொல்கிற தாத்தா ஒருவர் அச்சில் மூன்று தாத்தாக்களாகி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

தொலைபேசிப் பேச்சு இப்போது கதைக்குக் கதை வருகிறது. வராமல் என்ன செய்யும். வீட்டுக்கு ஒருவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ. ஒரு பக்கம் மட்டும் கேட்கிற பேச்சுக்கு மூன்று புள்ளி போதும்: “ஓம்… ஓம்… சாப்பிட்டனான்… இல்லை, அவர் இன்னும் வரேல்லை.” ஒவ்வொரு மூன்று புள்ளியும் மறுமுனையின் ஒரு கேள்வி. பன்னிரண்டு புள்ளி போட்டால் மறுமுனையில் ஆள் நித்திரை என்றுதான் எனக்குப் படும்.

கடைசியாகக் கணினிப் பக்கம். இதில் குற்றம் யாருடையதும் அல்ல, ஆனால் சேதம் அதிகம். நம் அச்சகங்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் பழகிய கைகள் இன்னும் நிறைய. பாமினியில் காற்புள்ளி விசையைத் தட்டினால் ‘இ’ விழும். அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். எழுத்தாளர் யுனிகோடில் அனுப்பிய கதையைப் பக்கத்தில் ஊற்றும்போது எழுத்துரு பாமினி என்று இருந்துவிட்டால் தமிழ் எழுத்துகள் எப்படியோ தப்பிவிடும், காற்புள்ளிகள் மாட்டிக்கொள்ளும். “அம்மாஇ அண்ணாஇ எல்லாரும் வாங்கோ!” என்று ஒரு பிள்ளை கூப்பிடும். உரையாடலில்தான் விளி அதிகம், விளிக்குப் பின்னால்தான் காற்புள்ளி அதிகம். ஆகவே அடியும் அங்கேதான் அதிகம். பிடிப்பது சுலபம். இன்றைய தமிழ் உரைநடையில் சொல்லின் கடைசியில் ‘இ’ என்ற உயிரெழுத்து தனியாக வராது. சொல்லை ஒட்டி ‘இ’யும் அதையடுத்து ஓர் இடைவெளியும் வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள், அகப்பட்டுவிடும்.

வளைந்த மேற்கோள் குறியிலும் ஒரு கண் வையுங்கள். இடைவெளிக்குப் பின் தட்டினால் திறக்கும் குறி, எதையாவது ஒட்டித் தட்டினால் மூடும் குறி என்று மென்பொருள் தானே முடிவெடுக்கிறது. கோட்டுக்குப் பின்னால் ஒட்டித் தொடங்கும் பேச்சு இதனால் மூடும் குறியோடு பிறக்கும். திறக்கும் குறிக்கும் முதற் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் குறி ஒரு வரியின் கடைசியிலும் சொல் அடுத்த வரியிலும் போய் விழும்.

இனி என் வேண்டுகோள். உங்கள் போட்டி அறிவித்தல்களில் சொற்கணக்கு இருக்கிறது, தாளின் அளவு இருக்கிறது, கதை வேறெங்கும் வெளிவரவில்லை என்ற உறுதிமொழி இருக்கிறது. உரையாடலை எப்படி அமைப்பது என்று ஒரு வரி இல்லை. அரைப் பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதி அறிவித்தலோடு இணையுங்கள். நான் சொன்னதுதான் சரி என்று இல்லை; பேச்சுக்கு ஒற்றைக் குறி என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம், பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் இருந்தால். பரிசுக் கதைகளைத் தொகுப்பாக்கும்போது பக்கம் கட்டியபின் ஒரு புரூஃபை எழுதியவருக்கு அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும், தன் பாத்திரம் பேசுகிறதா இல்லையா என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். குறிப்பின் கடைசியில், இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்குவோமே தவிர உரையாடலை ஒரு பந்தியாக்க மாட்டோம் என்று உங்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஒப்புநோக்குநர்
வெள்ளவத்தை, கொழும்பு 6